நட்ட காரணமும் நின்ற மரமும்

மரக்கன்று நடுவதைப் பற்றி நம்மிடையே வழங்கும் பேச்செல்லாம் நடும் நாளோடு முடிந்துவிடுகிறது. ஒரு குழி, ஒரு கன்று, ஒரு குடம் நீர், ஒரு புகைப்படம். அதன் பிறகு அக்கன்று என்னவாயிற்று என்று கேட்பவர் குறைவு. கேட்பதும் எளிதன்று. கன்று மரமாவதற்குள் நட்டவருக்கு வயதாகிவிடுகிறது. ஊர் மாறுகிறது, ஆட்சி மாறுகிறது. எதற்காக நட்டோமோ அந்தக் காரணமே கூட மறைந்துபோகிறது. ஒரு மனிதர் தம் ஆயுளுக்குள் பார்த்து முடிக்கக்கூடிய கதையல்ல அது.

அக்கதையை ஏறக்குறைய முழுமையாகப் பார்க்கக் கிடைக்கும் இடம் ஒன்று நமக்கு வெகு அருகிலேயே இருக்கிறது. கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக மலையிறங்கினால் வருவது நிலம்பூர். இன்று கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் உள்ள ஊர். 1956 வரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே சாலியாறும் குறுவன்புழையும் கூடுமிடத்தில், 2.31 ஹெக்டேர் பரப்பில் ஒரு தேக்குத் தோப்பு நிற்கிறது. 1846ஆம் ஆண்டில் கன்றுகளாக நடப்பட்ட மரங்கள் அவை. மனிதர் நட்டு வளர்த்த தேக்குத் தோட்டங்களில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் உலகிலேயே மிகப் பழையது என்று வனவியலாளர்கள் இதனைக் குறிப்பிடுகிறார்கள். கனோலி தோட்டம் என்பது அதன் பெயர். நூற்றுச் சொச்சம் மரங்களே அதில் உள்ளன. இக்கட்டுரையில் நாம் பின்தொடர முயல்வது அந்த மரங்களை மட்டுமல்ல. அவற்றைச் சுற்றி மாறிக்கொண்டே வந்த காரணங்களையும்தான்.

*

முதற் காரணம் கப்பல். கடல்நீரில் ஊறினாலும் எளிதில் உளுத்துப்போகாத மரம் தேக்கு. அதிலுள்ள எண்ணெய்ப் பசை பூச்சியையும் பூஞ்சையையும் தள்ளிவைக்கிறது; அதில் அறைந்த இரும்பாணி விரைவில் அரிப்பதுமில்லை. தேக்கு என்ற நம் சொல்லே போர்த்துகீசியர் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்று அம்மரத்தின் அறிவியற் பெயரிலும் இடம்பெற்றிருப்பது, இந்தக் கடற்கரையிலிருந்து எவ்வளவு தேக்கு கப்பலேறியது என்பதற்குச் சான்று. பம்பாய்க் கப்பல்தளத்தில் வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்கள் பிரிட்டிஷ் கடற்படைக்குத் தேக்குக் கப்பல்களைக் கட்டித்தந்தார்கள். 1817இல் அங்கே மலபார்த் தேக்கில் கட்டப்பட்ட 'திருகோணமலை' என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது. 1813இல் அதே தளத்தில் உருவான 'கார்ன்வாலிஸ்' கப்பலின் மேல்தான் 1842 ஆகஸ்டு 29 அன்று சீனா நான்ஜிங் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஹாங்காங்கை விட்டுக்கொடுத்தது. மலபாரின் ஒரு மலைச்சரிவில் நின்ற மரம் யாங்சி ஆற்றில் ஒரு பேரரசின் பணிவைத் தாங்கும் தளமாயிற்று.

இத்தகைய பொருளைக் கும்பெனியார் சும்மா விடுவார்களா? 1806இல் கேப்டன் வாட்சன் என்ற காவல்துறை அதிகாரி வனக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். மறு ஆண்டே மலபாரின் தேக்கு அனைத்தும் கும்பெனியின் உரிமை என்று அறிவிக்கப்பட்டது. காடு யாருடையதாயினும் மரம் கும்பெனியுடையது என்பதே அதன் பொருள். மரவணிகர்கள், நிலவுடைமையாளர்கள், விறகுக்கும் கலப்பைக்கும் மரம் வெட்டிய குடியானவர்கள் என எல்லாத் தரப்பினரும் வெகுண்டனர். சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1823இல் அப்பதவியையே ஒழித்தார். அதன்பின் வெட்டுவதற்குத் தடையில்லை. இருபதே ஆண்டுகளில், ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுசெல்லத்தக்க தொலைவில் இருந்த நல்ல தேக்குகள் அருகிப்போயின.

ஆக, காவல் வைத்துப் பார்த்தாயிற்று. காவலை நீக்கியும் பார்த்தாயிற்று. மூன்றாவது வழியாக ஒன்றை முன்வைத்தவர், 1840களின் தொடக்கத்தில் மலபார் கலெக்டராக இருந்த ஹென்றி வாலன்டைன் கனோலி. வெட்டிய இடத்தில் நடுவது என்பதே அவ்வழி. இன்று நமக்கு இது மிகச் சாதாரணமாகத் தோன்றும். அன்று அப்படியில்லை. தேக்கு காட்டில் தானாக வளர்வது. அதை நெல்லைப் போல, தென்னையைப் போல யாரும் பயிரிட்டதில்லை. மேலும், முற்றிய மரம் கிடைக்க அறுபது ஆண்டுகளாவது ஆகும் என்பது கணக்கு. தான் நடுவதைத் தான் அறுக்கமாட்டோம் என்று தெரிந்தே ஓர் அரசாங்கம் பணம் போடவேண்டும். நிலம்பூர்க் கோவிலகத்திடமிருந்தும் திருக்கலையூர் தேவஸ்வத்திடமிருந்தும் நிலம் குத்தகைக்குப் பெறப்பட்டு 1842இல் வேலை தொடங்கியது.

*

தொடங்கியதே தவிர, முளைக்கவில்லை.

தேக்கின் காயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கோலிக்குண்டு அளவில், மேலே பஞ்சுபோன்ற உறை, உள்ளே கல் போன்ற ஓடு. அந்த ஓட்டுக்குள் நான்கு அறைகள் வரை இருக்கும். விதை அதற்குள் உறங்குகிறது. ஒரு மழையில் விழித்துக்கொள்ளும் விதையல்ல அது. காட்டில் வெயிலும் தீயும் மழையும் மாறிமாறிப் பட்டு ஓடு தளர்ந்த பின்னரே முளை வெளிவரும். முதல் இரண்டு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான விதைகள் பலவிதமாக ஊன்றப்பட்டு வீணாயின. காட்டுத்தீயைப் போலச் செய்து பார்க்க விதையின்மேல் புல்லைப் பரப்பிக் கொளுத்திய சோதனையும் நடந்தது. காட்டிலே கவனிப்பாரின்றி முளைக்கும் விதை, கவனித்து ஊன்றினால் முளைக்க மறுத்தது.

1844இல் துணை வனக் காப்பாளராகப் பொறுப்பேற்ற சாத்து மேனோன்தான் வழியைக் கண்டவர். அவர் கையாண்ட முறையில் மந்திரம் ஏதுமில்லை. நம் நாற்றங்கால் உழவு அறிந்தவர்களுக்கு அது பழகிய வழியாகவே தோன்றும். கோடை முடியும் தறுவாயில் விதைகளை நீரில் ஊறவைப்பது, மேட்டுப்பாத்தியில் நெருக்கமாக ஊன்றுவது, மேலே வைக்கோல் மூடாக்கு இடுவது, நாள்தோறும் நீர் தெளிப்பது, மழைக்காலம் பிடித்ததும் கன்றுகளைப் பெயர்த்து நிலத்தில் நடுவது. காட்டு மரத்தை நெற்பயிரின் ஒழுங்குக்குள் கொண்டுவந்ததுதான் அவர் செய்தது. 1862 வரை அவர் பொறுப்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வளர்த்தெடுக்கப்பட்டன. உலகெங்கும் பின்னர் உருவான தேக்குத் தோட்டங்களுக்கெல்லாம் முன்னோடி இந்த நாற்றங்கால்.

தோட்டத்தின் பெயர் கனோலியின் பெயராக நிலைத்தது. ஆணையிட்டவரின் பெயர் நிற்பதும், முளைக்கவைத்தவரின் பெயரைக் கட்டுரை எழுதுவோர் தேடி எடுத்துச் சொல்லவேண்டியிருப்பதும் காலனிய வரலாற்றில் புதிதல்ல. ஆனால் சாத்து மேனோனுக்காவது பெயர் உண்டு. பாத்தியில் நீர் தெளித்தவர்கள், மழையில் நனைந்தபடி கன்றுக்கூடை சுமந்தவர்கள், களை வெட்டியவர்கள், யானையோடு காட்டில் கிடந்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. தோட்டமாக்கப்பட்ட அந்நிலமும் வெற்றுநிலமாக இருந்ததன்று. பல்வகை மரங்கள் செழித்த காடு. அதைத் திருத்தித்தான் ஒரே வகை மரம் வரிசை பிடித்து நடப்பட்டது. அக்காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த காட்டுநாயக்கர், சோலநாயக்கர் முதலிய பழங்குடிகளுக்கு அது ஒரு தொடக்கமாக அன்றி ஒரு முடிவாகவே தெரிந்திருக்கும்.

*

கனோலியின் கதை இவ்விடத்தில் நம்மைச் சற்றே நிறுத்துகிறது. அவருடைய சகோதரர் ஆர்தர் கனோலி, நடு ஆசியாவில் ரஷ்யாவுக்கும் பிரிட்டனுக்கும் நடந்த மறைமுகப் போட்டிக்குப் 'பெரும் விளையாட்டு' என்று பெயர் சூட்டியவர். கிப்ளிங்கின் 'கிம்' நாவல் வழியாகப் பின்னர் உலகறிந்த தொடர் அது. அந்த விளையாட்டிலேயே ஆர்தர் 1842இல் புகாராவில் தலை வெட்டப்பட்டு இறந்தார். வேறு இரு சகோதரர்களும் அக்காலத்து ஆப்கானிய யுத்தத்தில் மடிந்தார்கள். அதே 1842இல்தான் ஹென்றி கனோலி நிலம்பூரில் முளைக்காத விதைகளை ஊன்றிக்கொண்டிருந்தார். ஒரே குடும்பத்தின் பிள்ளைகள். ஒரே பேரரசின் ஊழியர்கள். மூவர் உடனடி வெற்றியைத் தேடிப் போனார்கள், ஒருவர் அறுபதாண்டுக் கணக்குப் போட்டார் என்று எழுதிவிட்டால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். ஆனால் வரலாறு அத்தனை இணக்கமானதல்ல.

மலபாரில் அந்த ஆண்டுகளில் நிலவுடைமையாளருக்கும் மாப்பிளாக் குத்தகைதாரருக்கும் இடையிலான பூசல் கலகங்களாக வெடித்துக்கொண்டிருந்தது. வெளியேற்றமும் கூடிக்கொண்டே சென்ற குத்தகையும் அதன் வேரில் இருந்தன என்பதை, 1880களின் தொடக்கத்தில் நிலவுரிமை பற்றி விசாரித்த வில்லியம் லோகன் எடுத்துக்காட்டினார். ஆனால் கனோலியின் காலத்து ஆட்சி அதை மதவெறியாக மட்டுமே கண்டது. மம்புறம் தங்ஙள் சையித் ஃபசல் 1852இல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் கலெக்டர் கனோலி. 1854இல் மாப்பிளாக்களின் போர்க்கத்திகளைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அதைச் செயற்படுத்தியவரும் அவரே. 1855 செப்டம்பரில் கோழிக்கோட்டில் தம் பங்களாவில் இருந்த கனோலியை, சிறையிலிருந்து தப்பி வந்த மாப்பிளாக்கள் வெட்டிக் கொன்றனர். நிலம்பூரில் 1846இல் நட்ட கன்றுகளுக்கு அப்போது ஒன்பது வயது.

மரம் முற்ற அறுபதாண்டு பொறுக்கத் தயாராக இருந்த ஓர் அரசுக்கு, அந்நிலத்தில் உழுதவன் சொல்வதைக் கேட்கப் பொறுமை இல்லாமற் போனது. பொறுமை என்பதே ஒருவகை நற்குணம் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். எதன்பொருட்டு, யார்மீது அந்தப் பொறுமை என்ற கேள்வியையும் கூடவே கேட்க வேண்டும் என்று நிலம்பூர் நினைவூட்டுகிறது.

*

நட்டவர் இறந்தார். மரங்கள் வளர்ந்தன. இளந்தேக்கு முதல் சில ஆண்டுகளில் விறுவிறுவென்று உயரும், முறம்போன்ற இலைகள், கசக்கினால் உள்ளங்கையில் குருதிச் சிவப்பு ஒட்டும். பிறகு வேகம் தணிந்து அடிமரம் பருக்கத் தொடங்கும். கோடைதோறும் இலையுதிர்த்து ஓய்ந்து மழையில் மீண்டும் தளிர்ப்பதால் தேக்கின் கட்டையில் ஆண்டுவளையங்கள் தெளிவாகப் பதியும். வெப்பநாட்டு மரங்களில் பலவற்றுக்கு இல்லாத பண்பு இது. எந்த ஆண்டு மழை பொய்த்தது, எந்த ஆண்டு பெய்தது என்பதை மரம் தன்னுள் எழுதிக்கொள்கிறது.

இங்கே வனத்தொழில் அறியாத நம்மைப் போன்றோர் வியக்கும் செய்தி ஒன்றுண்டு. மரம் வளர்ப்பது என்பதில் பாதி, மரம் வெட்டுவது. ஆறடிக்கு ஒன்றாகக் கன்று நட்டால் ஏக்கருக்கு 1,200 கன்றுகள். அத்தனையும் பெருமரமாக அங்கே இடமில்லை. தொடக்கத்தில் நெருக்கம் வேண்டும். நெருக்கமே கன்றைக் கிளைபரப்பவிடாமல் நேராக மேலே துரத்துகிறது. பிறகு சில ஆண்டுகளுக்கொருமுறை மெலிந்ததையும் வளைந்ததையும் களைந்துகொண்டே வர வேண்டும். இறுதியில் நிற்பவை சில பத்துகள். ஆகவே, நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைச் சொல்லி மகிழ்வது வனவியலில் பொருளற்றது. எது நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் மரத்தடியில் நின்று முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவுகளின் தொகுப்பே தோப்பு.

இதற்கிடையில் உலகம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. 1860இல் பிரிட்டன் 'வாரியர்' என்ற இரும்புக்கவசப் போர்க்கப்பலைக் கடலில் இறக்கியது. அதன் கவசத்தில் 4½ அங்குல இரும்புத் தகட்டின் பின்னே 18 அங்குலத் தேக்கு இருந்தது உண்மைதான். ஆனால் அது வழியனுப்பு மரியாதை போன்றதே. 1846ஆம் ஆண்டுக் கன்றுகள் அறுபது வயதை எட்டியது 1906இல். அதே ஆண்டில்தான் நீராவிச் சுழலியால் இயங்கும் எஃகுப் பெருங்கப்பல் 'டிரெட்நாட்' வெள்ளோட்டம் விடப்பட்டது. எந்தக் கடற்படைக்காக நிலம்பூரில் நாற்று விடப்பட்டதோ, அந்தக் கடற்படைக்கு மரக்கப்பலே தேவைப்படவில்லை. கணக்கு அறுபதாண்டும் பிசகாமல் நடந்தது. விடை மட்டும் தேவையற்றுப் போயிற்று.

ஆயினும் மரம் வீண்போகவில்லை. வீடுகளுக்கும் பாலங்களுக்கும் இரயில் பெட்டிகளுக்கும் அறைகலன்களுக்கும் தேக்கு போயிற்று. சாலியாற்றில் மிதந்த மரங்கள் கோழிக்கோட்டின் கல்லாயியை உலகறிந்த மரச்சந்தையாக்கின. 1927இல் ஷொறணூரிலிருந்து நிலம்பூருக்கு இரயில் பாதை நிறைவுற்றது. அதன் முதன்மையான நோக்கங்களுள் ஒன்று மரம் ஏற்றுவது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் 1941இல் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். விடுதலைக்குப் பின் 1953-54இல்தான் மீண்டும் பதித்தார்கள். அதே போரின் தேவைக்காகக் கோடரி 1846ஆம் ஆண்டுத் தோப்புக்குள்ளும் நுழைந்தது. பாதுகாக்கவென 1933இல் ஒதுக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 15 ஏக்கரில் ஒன்பது ஏக்கர் மரங்கள் விழுந்தன. எஞ்சிய 5.7 ஏக்கரை வெட்டாமல் நிரந்தரமாகக் காப்பது என்று 1943இல் முடிவாயிற்று. இன்று நாம் காண்பது அந்த எச்சத்தைத்தான்.

அம்முடிவை எடுத்தவர்கள் நட்டவர்களல்லர். நட்டவர்களின் காரணமும் அவர்களிடம் இல்லை. அவர்களுக்கு இருந்தது வேறு காரணம்: இத்தனை ஆண்டுகள் அளந்துவந்ததை இன்னும் அளக்கலாமே என்பது. நட்ட ஆண்டு திட்டவட்டமாகத் தெரிந்த மரங்கள் அரியவை. எந்த மண்ணில், எத்தனை ஆண்டில், எவ்வளவு உயரமும் பருமனும் வரும் என்று உலகம் தேக்கைப் பற்றி அறிந்தவற்றுள் கணிசமானது நிலம்பூரில் அளந்து பெற்ற அறிவு. அளவைகள் இனிய செய்திகளை மட்டும் தரவுமில்லை. ஆண்டுதோறும் முதல் மழைக்குத் தேக்கு தளிர்க்கும்போது இலைகளை மொய்த்துத் தின்றழிக்கும் ஒரு புழுவைப் பற்றிக் கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தார் நிலம்பூரில் ஆய்ந்தார்கள். இளந்தோட்டங்களில் அப்புழுவால் வளர்ச்சியின் 44 விழுக்காடு இழக்கப்படுகிறது என்று 1980களில் கண்டறிந்தார்கள். ஒரே மரத்தை வரிசையாக நட்டவர்களுக்குக் காடு எழுதிய பதில் என்று அதை வாசிக்கலாம். அந்நிறுவனம் 1995இல் நிலம்பூரில் நிறுவிய தேக்கு அருங்காட்சியகத்துக்குச் சென்றால் இந்த அறிவின் வரலாற்றைப் பொறுமையாகப் பார்க்க முடியும்.

*

முதற் காரணம் முற்றிலும் மறைந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. சாலியாறு கடலில் கலக்குமிடத்தில் உள்ள பேப்பூரில் 'உரு' எனப்படும் பெரிய மரக்கலங்களை வரைபடமின்றி மனக்கணக்காலேயே கட்டும் தச்சர்கள் இருக்கிறார்கள். அரபு நாட்டவர் அவற்றை வாங்குகிறார்கள். தேக்குக்கும் கடலுக்கும் இருந்த உறவு கடற்படையோடு தொடங்கியதுமல்ல, அதனோடு முடிந்ததுமல்ல.

சாலைகளை அகலப்படுத்த நிழல்மரங்கள் வெட்டப்படுவதும், ஈடாக ஒன்றுக்குப் பத்தாகக் கன்றுகள் நடப்படும் என்று அறிவிக்கப்படுவதும் நம் காலத்துச் செய்திகள். அந்த எண்கணிதத்தில் ஏதோ ஒன்று விடுபடுகிறது என்று நம் எல்லோருக்கும் தோன்றுகிறது. இன்னது என்று சொல்ல வருவதில்லை. நிலம்பூரின் 180 ஆண்டுகளைப் பார்த்தபின் அதைச் சொல்லிவிடலாம் போலிருக்கிறது. விடுபடுவது, பார்த்துக்கொண்டிருப்பவர். நடுவதற்கு ஒரு நாள் போதும், ஒரு காரணமும் போதும். காரணம் பெரும்பாலும் பொய்த்துவிடும், கனோலிக்குப் பொய்த்தது. அது பொய்த்த பிறகும் மரம் நிற்க வேண்டுமானால், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரேனும் ஒருவர் அதன் அடியில் நின்று, இது இன்னும் இருக்கட்டும் என்று புதிதாக ஒரு காரணம் கண்டாக வேண்டும். அந்தச் சங்கிலி ஓரிடத்தில் அறுந்தாலும் போதும். ஒன்பது ஏக்கரில் அறுந்தது; 5.7 ஏக்கரில் அறவில்லை.

தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், நெஞ்சளவில், நாடாவைச் சுற்றி மரத்தின் பருமனை அளப்பது நம் நாட்டு வனவியலாளர் வழக்கம். ஆணோ பெண்ணோ, அளக்க வருபவர் மரத்தைக் கட்டிக்கொண்டுதான் அளக்க வேண்டும். பெருந்தேக்கு என்றால் ஒருவர் கை போதாது. நாடாவின் மறுமுனையைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். கிடைத்த எண்ணைப் பழைய எண்ணுக்குக் கீழே எழுதுகிறார்கள். அதற்குக் கீழே அடுத்த எண்ணுக்கான கட்டம் காலியாக இருக்கும்.